சிவகங்கைச் சீமையில் பூர்வீகம் தேட: மொய் நோட்டு முதல் எழும்பூர் ஆவணக் காப்பகம் வரை

சிவகங்கை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் நூறு வருஷத்துக்கு முந்திய ஒரு கருப்பையாவைத் தேடுகிறீர்கள் என்று வையுங்கள். குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அவருடைய அப்பா பெயர் தெரிந்தாலும் அவர் இன்னொரு கருப்பையாவின் மகனாக இருப்பார். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊர் என்பதால் ஒரே தெருவில் ஐந்து கருப்பையா சாதாரணம். பெயரைப் போட்டுத் தேடச் சொல்லும் வெளிநாட்டு வம்சாவளித் தளங்களின் வழி இங்கே முதல் நாளே படுத்துவிடும்.

இந்தப் பக்கத்தில் ஓர் ஆளை அடையாளம் காட்டுபவை நான்கு: ஊர், நிலத்தின் புல எண் (சர்வே நம்பர்), வகையறா (பங்காளிக் கூட்டம்), குலசாமி. இந்த நான்கில் குறைந்தது இரண்டு பொருந்தினால் ஒழிய, காகிதத்தில் கண்ட கருப்பையாவை உங்கள் பாட்டனார் என்று எழுதாதீர்கள். கீழே வரும் படிகள் எல்லாமே இந்த நான்கையும் ஒவ்வொன்றாகப் பிடிப்பதற்குத்தான்.

படி 1: ஊரைச் சரியாகப் பிடியுங்கள்

வீட்டில் சொல்லும் ஊர்ப்பெயர் பெரும்பாலும் குடியிருப்பின் பெயர். அரசுக் கணக்கு வருவாய்க் கிராமத்தின் பெயரில் இருக்கும். குடியிருப்பு அதன் உள்கடையாக, வேறொரு தாய்க் கிராமத்துக்குள் அடங்கியிருக்கலாம். புதுப்பட்டி, புதூர் போன்ற பெயர்கள் மாவட்டத்தில் பல இடங்களில் உண்டு. அதனால் தாலுகா, பிர்க்கா (தாலுகாவின் உட்பிரிவு), வருவாய்க் கிராமம், உள்கடை என்ற நான்கையும் சேர்த்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஊரை விட்டு வெளியே இருப்பவர்கள், 1951 முதல் வெளியான மாவட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் கையேடுகளில் கிராமப் பட்டியலைப் பார்க்கலாம்.

அடுத்து, அந்த ஊர் எந்த வருஷத்தில் எந்த மாவட்டத்தில் இருந்தது என்பது. இதைத் தெரிந்துகொள்ளாமல் பதிவறைக்குப் போனால் இரண்டு நாள் வீண். 1910 வரை இந்தப் பகுதி மதுரை ஜில்லா. 1910-ல் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களைப் பிரித்து இராமநாதபுரம் ஜில்லா உருவானது. 1985 மார்ச்சில் அதிலிருந்து இன்றைய மாவட்டம் பிரிந்தது. 1997 வரை அதற்குப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் என்று பெயர். ஆக, பாட்டி 1908-ல் பிறந்தவர் என்றால் ‘மதுரை ஜில்லா’ என்றும், அப்பா 1935-ல் பிறந்தவர் என்றால் ‘இராமநாதபுரம் ஜில்லா’ என்றும் தேட வேண்டும். 1990-ல் வாங்கிய சான்றிதழில் மூன்றாவதாக ஒரு பெயர் இருக்கும். மூன்றும் ஒரே மண்தான்.

பெண் எடுத்த ஊர் பொன்னமராவதி, திருமயம் பக்கம் என்றால் கவனம். அவை 1948 மார்ச் வரை புதுக்கோட்டை சமஸ்தானம். அங்கே நிர்வாகம் தனி, ஆவணமும் தனி. மதுரை, இராமநாதபுரம் கட்டுகளில் அந்த ஊர்களைத் தேடிப் பயன் இல்லை.

படி 2: பரணில் இருப்பதை இறக்குங்கள்

அரசு அலுவலகத்துக்குப் போகும் முன் வீட்டுப் பரணும் டிரங்குப் பெட்டியும். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, ஜாதக நோட்டு, தீர்வை ரசீது, பழைய ரேஷன் அட்டை எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். இவற்றில் மிகவும் உசத்தியானது, ஆனால் பழைய பேப்பர்காரனுக்கு முதலில் போவது, மொய் நோட்டு.

கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று ஒவ்வொரு விசேஷத்துக்கும் யார், எந்த ஊர், எவ்வளவு செய்தார் என்று எழுதி வைத்த கணக்கு அது. திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பதால் அதில் பொய் எழுத முகாந்திரம் இல்லை. சொந்தக்காரர்களின் இருப்பிடம் அந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே பதிவாகியிருக்கும். படிக்கும்போது கவனிக்க வேண்டியவை:

முதல் பக்கத்தில் வருவது பெரும்பாலும் தாய்மாமன். ஊர்ப்பெயரோடு அவர் பெயர் இருக்கும். அந்த ஊர்தான் வீட்டுக்காரம்மாவின் பிறந்த ஊர். பெண்வழியைத் தேடுகிறவர்களுக்கு இதைவிட நேரான சாட்சியம் வேறு எங்கும் கிடைக்காது, ஏனென்றால் நிலப் பதிவேடுகளில் பெண்கள் பெயர் அபூர்வம்.

அடுத்தடுத்த பக்கங்கள் ஊர் வாரியாகவோ தெரு வாரியாகவோ இருக்கும். ‘மேலத்தெரு’, ‘வ’ (வகையறா), ‘பங்காளி’ போன்ற குறிப்புகளைத் தனி நோட்டில் எடுத்து எழுதுங்கள். ஒரே ஊரிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்து செய்திருந்தால் அங்கே கொள்வினை கொடுப்பினை இருக்கிறது என்று அர்த்தம்.

தொகையை எழுதியிருக்கும் விதம் பழையதாக இருக்கும். ௹ ரூபாய், ௸ மேற்படி, ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௺ நம்பர். எண்கள் தமிழில் இருந்தால் ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ௱௨௰௫ என்றால் 125. இங்கே அடிக்கடி நடக்கிற பிழை ஒன்று: ‘௸’ குறியை ஒரு பெயரின் முதலெழுத்து என்று நினைத்துவிடுவது. மேலே உள்ள வரியில் எழுதிய ஊரே இந்த வரிக்கும் என்பதுதான் அதன் பொருள். அதை விட்டுவிட்டால் பாதிப் பேருக்கு ஊர் இல்லாமல் போய்விடும்.

நகரத்தார் வீடுகளில் தேடுகிறவர்களுக்கு வழி கொஞ்சம் சுலபம். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்று ஒன்பது கோயில்களில் ஒன்றில் குடும்பம் புள்ளியாக (கோயில் கணக்கில் சேர்ந்த குடும்பமாக) இருக்கும். கல்யாணம் கோயிலில் பதிவாகும். கல்யாணத்தின்போது எழுதும் இசைகுடிமானம் என்ற ஒப்பந்தத்தில் இரு வீட்டார் பெயரும் உண்டு. கடை விலாசத்தையும் பாருங்கள்: ‘ராம. சித. முத.’ என்று அடுக்கி வரும் எழுத்துகள் முன்னோர் பெயர்களின் சுருக்கம். ஒரு பழைய வட்டிக்கடை ரசீதின் தலைப்பே மூன்று தலைமுறையைச் சொல்லிவிடும்.

படி 3: பெரியவர்களிடம் கேட்பது

‘உங்க தாத்தா எப்ப பிறந்தார்?’ என்று கேட்டால் பதில் வராது. வந்தால் அது தப்பாக இருக்கும். நிகழ்ச்சியை வைத்துக் கேளுங்கள். தனுஷ்கோடிப் புயலின்போது (1964 டிசம்பர்) கல்யாணம் ஆகியிருந்ததா? பர்மாவிலிருந்து நடந்து வந்த வருஷம் (1942) கைக்குழந்தை யார்? ஜமீன் போனபோது (1949) நிலத்தை உழுதுகொண்டிருந்தது அப்பாவா, தாத்தாவா? தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி வீட்டில் கதை ஓடினால் அது 1876-ல் தொடங்கியது. அதைப் பார்த்தவர் யார் என்று ஒரு பெயர் கிடைத்தாலே தேடல் ஒரு தலைமுறை பின்னுக்குப் போய்விடும்.

கேள்விகளின் வரிசையும் முக்கியம். முதலில் குலசாமி கோயில் எந்த ஊர், யார் யார் பங்காளி, பாரி வேட்டை, களரி போன்ற சாமி கும்பிடுகளுக்கு எத்தனை கரை (பங்காளிப் பிரிவு), நம் கரை எது. அதன்பின் பட்டப்பெயர். ‘சட்டி கருப்பையா’, ‘ரங்கூன் கருப்பையா’ என்ற பட்டப்பெயர்தான் ஐவரைப் பிரித்துக் காட்டும். கடைசியில் வயதும் தேதியும். தேதியில் தொடங்கினால் பெரியவர் தயங்குவார், பிறகு மற்றதையும் தயங்கித்தான் சொல்வார்.

பட்டங்களைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ‘அம்பலம்’ இந்தப் பகுதியில் ஊர்த்தலைமைப் பொறுப்பின் பெயர். ‘சேர்வை’ பல சாதியாருக்கும் உண்டு. கொண்டையங்கோட்டை மறவர்களிடம் கிளை என்ற உட்பிரிவு தாய்வழியில் வரும். அப்பா வழி மரம் வரைகிறவர்கள் கிளைப் பெயரை அப்பாவிடமிருந்து எடுத்தால் மரமே தலைகீழ்.

படி 4: நிலக் கணக்கு

இங்கே நின்று நிதானமாக வேலை செய்யுங்கள். பாதி விடை இதில்தான்.

இன்றிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். முதலில் இணையத்தில், தமிழக அரசின் நிலப் பதிவேட்டுத் தளத்தில் மாவட்டம், தாலுகா, கிராமம், புல எண், உட்பிரிவு கொடுத்தால் ‘அ’ பதிவேட்டின் (கிராமத்தின் புலவாரி நிலக் கணக்கு) விவரமும் பட்டாவும் புலப்படமும் கிடைக்கும். புல எண் தெரியாவிட்டால் குடும்பத்தில் யாரிடமாவது இருக்கும் ஒரு தீர்வை ரசீது போதும்.

‘அ’ பதிவேட்டில் பார்க்க வேண்டிய இடம் பழைய புல எண் என்ற கலம். இன்றைய எண்ணையும் முந்தைய எண்ணையும் சேர்க்கும் பாலம் அதுதான். இதை எடுக்காமல் நேராகப் பழைய பதிவேட்டைக் கேட்டால், உங்கள் எண்ணில் யாரோ ஒருவருடைய நிலம் வரும். ‘எங்கள் நிலத்தை வேறொருவர் அபகரித்திருக்கிறார்’ என்ற சண்டைகளில் சில இப்படித் தொடங்குபவைதான்.

அதன் பின்னே நிற்பது 1979-ல் தொடங்கி எண்பதுகளில் முடிந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டப் பதிவேடு. யுடிஆர் என்றால் அலுவலகத்தில் எல்லோருக்கும் புரியும். இதில் பிழை மலிவு. பங்காளிகள் கூட்டாக அனுபவித்த நிலத்துக்கு மூத்தவர் பெயரை மட்டும் ஏற்றியிருப்பார்கள். தகப்பன் பெயர் மாறியிருக்கும். செத்தவர் பெயரிலேயே பட்டா தொடர்ந்திருக்கும். அதனால் யுடிஆரில் பெயர் இருக்கிறது என்பதை வைத்து அந்த வருஷம் அவர் உயிரோடு இருந்தார் என்று எழுதாதீர்கள்.

அதற்கும் முந்தியது நிலவரித் திட்டப் பதிவேடு. இங்கேதான் இந்தச் சீமையின் தனிக்குணம் வருகிறது. தஞ்சாவூர், திருச்சி போன்ற ரயத்துவாரி (குடியானவர் நேரே அரசுக்குத் தீர்வை கட்டும்) ஜில்லாக்களில் அரசின் புலவாரிக் கணக்கு 19-ஆம் நூற்றாண்டு வரை பின்னால் போகும். சிவகங்கை அப்படி இல்லை. மருது சகோதரர்கள் 1801 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டபின் கம்பெனி இதை ஜமீனாக நிலைநிறுத்தியது. 1948-ன் எஸ்டேட் ஒழிப்புச் சட்டப்படி 1949-ல் அரசு எடுத்துக்கொள்ளும் வரை குடியானவனுக்கும் அரசுக்கும் நடுவே ஜமீன் இருந்தது. எனவே புலவாரியாக ஆள்பெயர் சொல்லும் அரசுப் பதிவேடு பெரும்பாலான ஊர்களில் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும்தான் தொடங்கும். ‘1900-ம் வருஷத்து அரசுப் பட்டா எடுத்துத் தருகிறேன்’ என்று இடைத்தரகர் சொன்னால் காசு கொடுக்காதீர்கள்.

1949-க்கு முந்தியதற்கு ஜமீன் கொடுத்த பட்டாவும், அதற்கு ஈடாகக் குடியானவர் எழுதிக் கொடுத்த ஒப்புதலான முச்சலிக்காவும், தீர்வை ரசீதும்தான் சாட்சி. அவை பெரும்பாலும் வீட்டில் கிடைத்தால் உண்டு. அவற்றில் வருஷம் பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டில் இருக்கும். பசலியோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம். பசலி ஜூலை 1-ல் தொடங்குவதால் பசலி 1359 என்பது 1949 ஜூலை முதல் 1950 ஜூன் வரை. நிலத்தின் அளவு ஏக்கரில் இல்லாமல் இத்தனை மரக்கால் விரையடி என்று விதை அளவில் வரும். ஊருக்கு ஊர் மரக்கால் வேறு என்பதால் அதை ஏக்கராக மாற்றிக் கணக்குப் போட முயல வேண்டாம். நான்கு மால் எல்லையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: கிழக்கே யார் நிலம், தெற்கே எந்த ஊரணி. பக்கத்து நிலக்காரர் பெயர்கள் பெரும்பாலும் பங்காளிகளுடையவை.

நகல் வாங்குவது எப்படி? நடப்புக் கணக்கு கிராம நிர்வாக அலுவலரிடம். பழைய பதிவேடுகள் தாலுகா அலுவலகப் பதிவறையிலோ மாவட்ட ஆட்சியரகத்திலோ. முதலில் சாதாரண மனு. நகரவில்லை என்றால் 2005-ன் தகவல் உரிமைச் சட்டப்படி பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு. பதில் தர 30 நாள். மனுவில் ‘எங்கள் குடும்ப நில விவரம் வேண்டும்’ என்று எழுதினால் ‘தெளிவில்லை’ என்று திரும்பி வரும். ‘இன்ன தாலுகா, இன்ன வருவாய்க் கிராமம், பழைய புல எண் இத்தனை, நிலவரித் திட்டப் பதிவேட்டின் உரிய பக்கத்தின் சான்றிட்ட நகல்’ என்று எழுத வேண்டும். ஒரு மனுவுக்கு ஒரு பதிவேடு. பத்தைச் சேர்த்துக் கேட்டால் பத்துமே கிடைக்காது.

நிலமே இல்லாத குடும்பங்கள்? நத்தம் நிலவரித் திட்டப் பதிவேட்டில் வீட்டுமனை இருக்கும். வீட்டுக்கு முன்னும் பின்னும் யார் வீடு என்பது அதில் தெரியும். அதற்கு முந்திய காலத்துக்கு மாதாகோயில் பதிவும் பள்ளிக்கூடமும் தோட்டக்காட்டுக் காகிதமும்தான் கைகொடுக்கும். அவை கீழே.

படி 5: பத்திரப் பதிவு

சார்பதிவாளர் அலுவலகத்தின் பலம், ஜமீன் ஊரானாலும் ரயத்துவாரி ஊரானாலும் 1860-களின் நடுவிலிருந்து பதிவு நடந்திருக்கிறது என்பது. 1949-க்கு முந்திய இருட்டில் வெளிச்சம் இங்கேதான்.

பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975 முதல் கிடைக்கும். அதற்கு முந்தியதை அலுவலகத்தில் மனு கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். அப்போது உதவுவது அட்டவணைகள். முதல் அட்டவணை எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்வாரி. இரண்டாவது சொத்துவாரி, கிராமப் பெயரின்கீழ். பொதுவான பெயர் என்றால் முதல் அட்டவணையில் நூறு பேர் வருவார்கள், இரண்டாவதில் தொடங்குங்கள். அசையாச் சொத்துப் பத்திரங்கள் உள்ள 1-ஆம் புத்தகத்தின் நகலை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். உயில்கள் 3-ஆம் புத்தகத்தில். எழுதியவர் இறந்தபின் அதையும் யாரும் கேட்கலாம். மற்ற வகைப் பத்திரங்கள் இருக்கும் 4-ஆம் புத்தகத்தில் உள்ளதற்குக் கட்சிக்காரராகவோ அவருடைய வாரிசாகவோ இருக்க வேண்டும். ஊர் எந்தச் சார்பதிவகத்தில் அந்த நாளில் இருந்தது என்று முதலில் கேளுங்கள். எல்லைகள் மாறியிருக்கின்றன, பழைய புத்தகம் பழைய அலுவலகத்திலேயே கிடக்கும்.

தேட வேண்டியது கிரயப் பத்திரத்தைவிடப் பாகப்பிரிவினைப் பத்திரம். அண்ணன் தம்பி எல்லோரும், செத்த அண்ணனின் மைனர் பிள்ளைகளும் அவர்களுக்குக் கார்டியனான தாயாரும் ஒரே தாளில் பெயரோடு வருவார்கள். ஒரு பாகப்பிரிவினை பத்துக் கிரயத்துக்குச் சமம்.

பத்திரத்தின் முகப்பு இப்படித் தொடங்கும்: ‘1931௵ ஜூலை௴ 14௳க்குச் சரியான பிரஜோற்பத்தி௵ ஆனி௴ 30௳, இராமநாதபுரம் ஜில்லா, திருப்பத்தூர் சப்ஜில்லா, இன்ன கிராமத்திலிருக்கும் கருப்பையா குமாரர் முத்து, ௸யூர் ஆறுமுகம் குமாரர் சுப்பையாவுக்கு…’ இதில் அப்பா பெயர், ஊர், ஜில்லா மூன்றும் ஒரே வரியில் வந்துவிட்டன. தமிழ் வருஷம் மட்டும் இருக்கும் கையெழுத்துக் காகிதத்துக்கு 60 வருஷச் சுற்றை வைத்துக் கணக்குப் பார்க்கலாம். பிரபவ 1867, 1927, 1987 ஏப்ரல்களில் தொடங்கியது. பிரஜோற்பத்தி ஐந்தாவது, ஆக 1871, 1931, 1991. எந்தச் சுற்று என்பதைக் காகிதமே சொல்லும்: முத்திரைத்தாளில் ராணி தலையா, ராஜா தலையா, அசோகச் சிங்கமா என்று பாருங்கள். மார்கழியின் பின்பாதி முதல் பங்குனி வரையுள்ள தேதி என்றால் ஆங்கில வருஷத்தில் ஒன்றைக் கூட்ட வேண்டும். இதை மறந்துவிடுவதுதான் இந்தக் கணக்கில் வழக்கமான தப்பு.

படி 6: பிறப்பு, பள்ளி, வாக்காளர்

பிறப்பு இறப்புப் பதிவு 1899-ன் சென்னைச் சட்டப்படி ஊர்களில் நடந்தது, பின்னர் 1969-ன் மத்தியச் சட்டம் வந்தது. 1980 நவம்பரில் பரம்பரைக் கணக்குப்பிள்ளை, முன்சீப் பதவிகளை ஒழிக்கும் வரை எழுதியது அவர்கள்தான். குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே எழுதியதால் பழைய பதிவில் ‘ஆண்’, ‘பெண்’ என்று மட்டும் இருக்கும். ஆகவே தேடுவது குழந்தை பெயரில் இல்லை, தகப்பன் பெயரில். தேதியும் தெரியாது என்றால், முன்னும் பின்னும் மூன்று வருஷம் சேர்த்துத் தேடச் சொல்லி மனு கொடுங்கள். பழைய கிராமப் பதிவேடுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். எல்லா ஊருக்கும் எல்லா வருஷமும் மிஞ்சியிருக்காது.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கும் பிறந்த தேதியை நம்ப வேண்டாம். கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொட்டால் ஐந்து வயசு என்று சேர்த்த காலம் அது. வாத்தியார் போட்ட மே, ஜூன் தேதிகள் அதில் ஏராளம். அங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது தகப்பன் பெயர், தொழில், ஊர், சேர்ந்த வருஷம்.

தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் 2002, 2005 தீவிரத் திருத்த வாக்காளர் பட்டியல்கள் உண்டு. கதவு எண், தகப்பன் அல்லது கணவன் பெயர், வயது வரிசையாக வருவதால் ஒரு வீட்டில் யார் யார் என்று பார்த்துவிடலாம். கணினித் தேடலை நம்பாமல் ஊருக்கான பாகத்தைத் திறந்து கண்ணால் படியுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுவாரிப் படிவங்களைத் தேடி அலையாதீர்கள். இங்கிலாந்து, அமெரிக்கா போல ஆள்பெயரோடு அவற்றை இங்கே வெளியிடுவதில்லை.

படி 7: கோயில், பள்ளிவாசல், மாதாகோயில்

ஊர்க்கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடும் நோட்டு ஊர்ப் பெரியவர் வீட்டில் இருக்கும். கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. ஒருவர் பெயர் முதல்முறை வரியில் ஏறும் வருஷம் அவர் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன காலத்தை ஒட்டி இருக்கும். பெயர் நின்றுபோனால் இறந்தார் அல்லது ஊரைவிட்டுப் போனார். சில ஊர்களில் எல்லாத் தெருவும் இந்த நோட்டில் இருக்காது. யாரை வரியில் சேர்க்கவில்லை என்பதும் அந்த ஊரின் வரலாறுதான்.

இளையான்குடி போன்ற ஊர்களில் ஜமாஅத் வைத்திருக்கும் நிக்காஹ் தப்தர் (திருமணப் பதிவேடு) மணமக்கள், தகப்பனார்கள், சாட்சிகள் என்று பெயர் சொல்லும்.

கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் இந்தப் பகுதியிலேயே அடர்த்தியானவை. சேசு சபைக் குரு அருளானந்தர் 1693-ல் ஓரியூரில் கொல்லப்பட்ட மண் இது. சருகணி, இடைக்காட்டூர் போன்ற பழைய பங்குகள் உண்டு. சிவகங்கை மறைமாவட்டம் 1987-ல்தான் வந்தது. அதற்கு முந்திய நிர்வாகக் கடிதங்கள் மதுரையில் இருக்கும், சேசு சபையாரின் பழைய ஆவணங்கள் கொடைக்கானல் செண்பகனூர் காப்பகத்தில். பதிவேடு லத்தீனில் இருந்தால் பெயரைத் தமிழாக்கிப் படியுங்கள்: பெத்ருஸ் என்றால் இராயப்பன், பவுலுஸ் சின்னப்பன், யோசேப்புஸ் சூசை, யோவான்னெஸ் அருளப்பன், அலோய்சியுஸ் ஞானப்பிரகாசம். அத்தை மகள், மாமன் மகளைக் கட்டியிருந்தால் திருச்சபையின் விலக்கு வாங்க வேண்டும். அந்த விலக்கு திருமணப் பதிவின் ஓரத்தில் உறவு எத்தனையாவது படி என்பதோடு எழுதியிருக்கும். அந்த ஒரு வரியே இரு வீட்டுக்கும் பொதுவான பாட்டனாரைக் காட்டிக்கொடுக்கும். பலர் நகல் எடுக்கும்போது ஓரத்தை வெட்டிவிடுகிறார்கள். பக்கம் முழுவதையும் எடுங்கள்.

மதுரை அமெரிக்க மிஷன் 1834-ல் தொடங்கியது. மானாமதுரை, திருப்புவனம் பக்கத்துச் சீர்திருத்தச் சபைக் குடும்பங்கள் சபைப் பதிவேட்டோடு மிஷனின் ஆண்டறிக்கைகளையும் பார்க்கலாம்.

படி 8: வழக்கும் காப்பகமும்

சொத்து வழக்கு நடந்த குடும்பமா? அதிர்ஷ்டம் என்றே சொல்லலாம். வாரிசு வழக்கில் வம்சாவளி அட்டவணை பிராதோடு தாக்கலாகும். சிவகங்கை ஜமீனுக்கே 1829-ல் கௌரி வல்லபர் இறந்தபின் அண்ணன் பிள்ளைகளா, மகளா என்று தொடங்கிய தகராறு 1863-ல் லண்டன் பிரிவி கவுன்சிலில் (அந்நாளைய கடைசி மேல்முறையீட்டு மன்றம்) கட்டம நாச்சியார் வழக்காகத் தீர்ந்தது. இந்துச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் படிக்கிற தீர்ப்பு அது. சாதாரணக் குடும்பங்களின் வழக்குகள் தேவகோட்டை, சிவகங்கை, மதுரை நீதிமன்றங்களில் இருக்கும். வழக்கு எண்ணும் வருஷமும் வேண்டும். அவை பழைய பத்திரத்தின் ‘இன்ன நம்பர் டிகிரிப்படி’ என்ற வரியில் கிடைக்கும். பிராது, சாட்சியம் போன்றவற்றைக் காலக்கெடு முடிந்ததும் அழித்துவிடுவார்கள், தீர்ப்பும் டிகிரியும் அதிக நாள் நிற்கும்.

எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கம்பெனிக் காலத்து வருவாய் வாரிய நடவடிக்கைகளும், 1860-களின் இனாம் (மானிய நிலப்) பதிவேடுகளும், மதுரை ஜில்லா ஆவணங்களும் இருக்கின்றன. கோயில் ஊழிய மானியம், தர்மசத்திர மானியம் அனுபவித்த குடும்பம் என்றால் இனாம் பதிவேட்டைக் கட்டாயம் பாருங்கள். அனுபவிப்பவர் பெயரும், மானியம் யாரிடமிருந்து எப்படி வந்தது என்பதும் இருக்கும். மற்றவர்கள் தம் குடும்பப் பெயர் அங்கே கிடைக்கும் என்று எதிர்பார்த்துச் சென்னைக்கு வண்டி ஏற வேண்டாம். ஊர்ப்பெயர் கிடைக்கும், கண்மாய்த் தகராறு கிடைக்கும், ஆள்பெயர் அரிது. போவதென்றால் அடையாள அட்டை, ஆய்வு நோக்கம் சொல்லும் கடிதம், வேண்டிய கட்டின் வருஷம் மூன்றும் கையில் இருக்கட்டும்.

நெல்சன் 1868-ல் எழுதிய மதுரை நாட்டுக் கையேடும், பிரான்சிஸ் 1906-ல் வெளியிட்ட மதுரை கெஜட்டியரும் இணையத்தில் கிடைக்கின்றன. பழைய அச்சு நூல்களுக்கும் இதழ்களுக்கும் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா நூலகம். அந்தச் சேமிப்பே இந்த மாவட்டத்துக் கோட்டையூரில் தொடங்கியதுதான். கல்வெட்டுத் தொகுதிகளில் ஊரின் பழைய பெயரும் நாட்டுப் பிரிவும் தெரியும். குடும்பத்தோடு அதை முடிச்சுப் போடாதீர்கள். 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் வரும் ஒரு பெயருக்கும் உங்கள் 1890-க்கும் நடுவே அறுநூறு வருஷ இடைவெளி கிடக்கிறது. சாதிச் சங்கங்கள் அச்சடிக்கும் ராஜவம்சக் கதைகள் அந்த இடைவெளியை ஒரே பத்தியில் தாண்டிவிடும். அவற்றில் ஊர்ப் பெயர்களையும் கோயில் பெயர்களையும் குறிப்பாக எடுத்துக்கொண்டு மீதியை வைத்துவிடுங்கள்.

படி 9: கடல் கடந்தவர்கள்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை போன ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியலில் ஜில்லா, தாலுகா, ஊர், தகப்பன் பெயர், வயது, அங்க அடையாளம் உண்டு. மொரீஷியஸ் ஆவணங்கள் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில். ஊர்ப்பெயரை எழுதியவர் தமிழ் தெரியாதவர் என்பதால் எழுத்தை நம்பாமல் ஒலியை நம்புங்கள். வாய்விட்டு நாலு விதமாகச் சொல்லிப் பாருங்கள். ஜில்லா ‘மதுரா’ என்று இருந்தால் அது இன்றைய மதுரை மட்டும் இல்லை, சிவகங்கையும் இராமநாதபுரமும் அதற்குள்.

இலங்கைத் தோட்டங்களிலிருந்து 1964-ன் இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி திரும்பியவர்களின் கடவுச்சீட்டிலும் குடும்ப அட்டையிலும் பூர்வீக ஊர் எழுதியிருக்கிறதா பாருங்கள். மலேயா, பர்மா போனவர்களுக்குக் காகிதத்தைவிட ஊரில் வந்த மணியார்டர் கூப்பனும், அங்கிருந்து வந்த போட்டோவின் பின்பக்கமும் நல்ல சாட்சி.

எழுதி வைக்கும்போது

ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தாள். பெயர், பட்டப்பெயர், தகப்பன், தாயின் பிறந்த ஊர், புல எண், குலசாமி, அதற்குக் கீழே எந்த ஆவணம், எங்கே, எந்தப் பக்கம். வாய்மொழி என்றால் சொன்னவர் பெயரும் தேதியும். பென்சிலில் எழுதியது ஊகம், பேனாவில் எழுதியது ஆவணம் கண்டது என்று வைத்துக்கொண்டால் பின்னால் குழப்பம் இல்லை. உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை இணையத்தில் ஏற்றாதீர்கள்.

பழைய காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். இரண்டும் சில வருஷத்தில் எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். மடிப்பை மெல்லப் பிரித்து, வெயில் நேராகப் படாத வாசலில் வைத்து, நிழல் விழாமல் மேலிருந்து நேராகப் படம் எடுங்கள். ஸ்கேன் என்றால் 300 டிபிஐ போதும். ஓலைச்சுவடியை மென்மையான தூரிகையால் துடைத்து, லெமன்கிராஸ் எண்ணெய் லேசாகத் தடவலாம். தேங்காய் எண்ணெய் தடவினால் பூச்சி வரும்.

இரவல் வாங்கிய மொய் நோட்டை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரண்டு நாள் வைத்திருந்தால், ‘கணக்கைப் பார்க்கத்தான் வாங்கிப் போனான்’ என்ற பேச்சு தெருவில் ஓடும், பக்கத்து வீட்டுப் பரண் திறக்காது.